உண்போர் ஒருவர்

யுகேந்திரனுக்குச் செடி கொடி மேல் அப்படியொரு பிரியம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஐம்பத்தொன்பது வயது வரைக்கும் அந்த மனிதர் ஒரு துளசிக்குக்கூடத் தண்ணீர் விட்டதில்லை. மெட்ரோ ரயில் சிக்னல் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, காலையில் எழுந்து எதிர் பிளாக்கை வெறித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லாமல் போயிற்று. எதிர் பிளாக்கில் பால்கனிக்குப் பால்கனி வெள்ளைக் குழாயும் அதில் பச்சைக் கீரையுமாக நின்றது. நாமும் ஒன்று வைத்தால் என்ன என்று தோன்றியது, அவ்வளவுதான்.

தோன்றிய பிறகு விடுவாரா? சிக்னல் ஆள். சோழிங்கநல்லூரில் பதினான்காவது மாடியில் இருந்த தன் பால்கனியைப் போய்ப் போய்ப் பார்த்து, வெயில் எங்கே விழுகிறது, எப்படி நகர்கிறது என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டார். சத்துநீர்த் தொட்டியை எந்த மூலையில் வைப்பது, மோட்டார் இரைச்சல் படுக்கையறைக்குக் கேட்குமா, மேற்கு வெயிலுக்குப் பச்சை வலை கட்டினால் காற்று பிய்த்துக்கொண்டு போகுமா என்றெல்லாம் மண்டையைக் குடைந்துகொண்டார். மண்ணே இல்லாத தோட்டம் அது. குழாயில் வரிசையாக ஓட்டை போட்டு, தேங்காய் நார் அடைத்த சின்னக் கூடையில் விதையை வைத்து, கூடையை ஓட்டையில் உட்கார வைத்தால், குழாய்க்குள் ஓடுகிற சத்துநீரில் வேர் தானாக இறங்கிக்கொள்ளும். என்ன கீரை போடுவது என்பதில் மட்டும் அவருக்கு யோசனையே வரவில்லை. பாலக்தான். பருப்போடு கடைந்த பாலக்குக்கு அவர் சொத்தையே எழுதிக் கொடுப்பார்.

"துணி எங்கங்க காயப்போடறது?" என்று கேட்டாள் அவர் மனைவி தர்ஷினி.

"கொடியை மேல ஏத்திக் கட்டிடறேன். பாரேன், தை மாசத்துல நம்ம வீட்டுக் கீரை."

"மொதல்ல திட்டம் வரட்டும். அப்புறம் கொடியை ஏத்தலாம்."

அவள் சொன்னதும் சரிதான். திட்டம் வராமல் ஒரு சொட்டு சத்துநீர் கிடைக்காது. பாஸ்பரஸ் உப்பு உலகம் முழுக்கத் தட்டுப்பாடாகிப் போன இரண்டாயிரத்து அறுபதுகள் அவை. வீட்டுத் தோட்டத்துக்கு எவ்வளவு சத்துநீர் என்பதைச் சத்துநீர் வாரியம்தான் அளந்து கொடுக்கும். வீட்டில் எத்தனை பேர் என்று வாரியம் நம்மைக் கேட்காது. கேட்டால் நாம் உண்மையைச் சொல்கிற ஜனமா? செத்துப்போன தாத்தாவை ரேஷன் கார்டில் இருபது வருஷம் உயிரோடு வைத்திருந்து சர்க்கரை வாங்கிய பரம்பரை. அதனால் ஒரு வருஷத்துச் சாப்பாட்டுக் கணக்கை வீட்டிடமிருந்தே வாங்கி, எத்தனை வாய், எத்தனை குழாய் என்று ஓர் இயந்திரம் திட்டம் போட்டு அனுப்பிவிடும். அதற்கு ஜனங்கள் வைத்த பெயர் கணக்குப்பிள்ளை.

அந்தக் கணக்குப்பிள்ளையைப் பற்றித்தான் லிஃப்டில் ஏழாவது மாடி அஸ்வத் ஒரு சேதி சொன்னான்.

"அங்கிள், அப்ளை பண்ணிட்டீங்களா? பார்த்துக்கோங்க, அது சாதாரண மெஷின் இல்ல. எங்களுக்கு மூணு பேருக்குத் திட்டம் வந்துச்சு. நாங்க ரெண்டே பேரு. தப்புன்னு சிரிச்சோம். அடுத்த மாசம் பார்த்தா, அவ முழுகாம இருக்கா."

"அடடே, நல்ல விஷயம்ப்பா."

"எங்களுக்கு நல்லது. சி பிளாக் சுந்தரவதனன் சார் வீட்டுல நாலு பேரு. மூணு பேருக்குத்தான் வந்துச்சு. ஆடி முடியறதுக்குள்ள அவரு அப்பா போயிட்டாரு. அதுக்கு முன்கூட்டியே தெரியுது அங்கிள்."

யுகேந்திரன் சிரித்துவிட்டு இறங்கினார். அந்தச் சிரிப்பு நாலே நாள் தாங்கியது. ஐந்தாம் நாள் காலை, பால்கனியில் சுவரை அளந்துகொண்டிருந்தபோது கையிலிருந்த போனில் திட்டம் வந்து விழுந்தது.

உண்போர்: ஒருவர். குழாய்: ஒன்று. செடிகள்: எட்டு.

திரும்பப் படித்தார். ஒருவர்தான். உள்ளே தர்ஷினி மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்ஸி நின்றது. அது மறுபடி ஓடத் தொடங்கும் வரை அவர் சமையலறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு, வாரியமா?" என்று சமையலறையிலிருந்தே கேட்டாள்.

"இல்ல. விளம்பரம்."

இங்கேதான் மனிதர் கோட்டை விட்டார். வேறு யாராக இருந்தாலும், இங்கே பாரும்மா இந்தக் கூத்தை என்று காட்டிச் சிரித்திருப்பார்கள். ஆனால் நம் வீடுகளில் கெட்ட சேதியை வாயால் சொன்னாலே பலித்துவிடும் என்று ஒரு பயம் இருக்கிறது பாருங்கள், அது சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தாலும் போவதில்லை. போகப்போவது நானா என்றும் ஒரு முறை நினைத்துப் பார்த்தார். அந்த எண்ணம் அவரை அவ்வளவாகப் பயமுறுத்தவில்லை. அவள் இல்லாத வீடு என்று நினைத்தபோதுதான் பால்கனித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளே அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். தலை முதல் கால் வரை எல்லாச் சோதனையும்.

"எனக்கு என்னங்க வந்துச்சு? நல்லாத்தானே இருக்கேன்."

"ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சா நிம்மதிதானே. வா."

ஒன்றுமே இல்லை. ரத்தம் மட்டும் கொஞ்சம் குறைவு, வேளைக்கு ஒழுங்காகச் சாப்பிடச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். யுகேந்திரன் அந்த வார்த்தையை இறுகப் பிடித்துக்கொண்டார். தினமும் ராத்திரி, தான் சாப்பிட்டுக் கை கழுவி டிவி முன்னால் உட்கார்ந்த பிறகு, ஞாபகமாகக் குரல் கொடுப்பார்.

"தர்ஷினி, சாப்பிட்டியா?"

"ஆச்சு."

அந்தப் பதில் வந்துவிட்டால் அன்றைக்கு அவருக்கு நிம்மதி. அவள் மொட்டைமாடிக்குப் போனால் பின்னாலேயே போனார். குளியலறையில் கொஞ்சம் நேரமானால் கதவைத் தட்டினார். அவள் தூங்கும்போது போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு கிடந்தார். இந்த வயதில் இந்த மனுஷனுக்கு என்ன பிடித்துக்கொண்டது என்று தர்ஷினிக்குச் சிரிப்பாகவும் இருந்தது, உள்ளூர ஒரு சந்தோஷமாகவும் இருந்தது. பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

ஐப்பசியில் அவளுக்குத் தெற்கே கடற்கரை ஊரான மண்டபத்திலிருந்து அழைப்பு வந்தது.

அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். தர்ஷினி இளவயதில் கடற்புல்லை ஆராய்ந்தவள். கடலுக்கு அடியில் வயல் மாதிரி வளரும் புல். மீன் குஞ்சுக்கும் கடற்பசுவுக்கும் அதுதான் வீடு. ஆராய்ச்சி முடிந்த கையோடு கல்யாணம், சென்னையில் கல்லூரி வேலை, அப்படியே தாவரவியல் வகுப்பெடுத்தே காலம் ஓடி, ஓய்வும் பெற்றாயிற்று. இதற்குள் கடல் சூடேறி அந்த வயல்கள் கருகிப் போயின. இப்போது தொட்டிகளில் நாற்று வளர்த்து, முங்கிப் போய்க் கையாலேயே கடலடியில் நடுகிறார்கள். அந்த நடவுக் குழுவுக்கு ஒரு வருஷம் தலைமை ஏற்க வர முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

"என் ஆராய்ச்சியைப் படிச்சிருக்காங்க," என்றாள் தர்ஷினி. முகம் மலர்ந்திருந்தது. "நான் எழுதி முப்பத்திமூணு வருஷம் ஆச்சுங்க. அதை யாரோ எடுத்துப் படிச்சிருக்காங்க. பொங்கல் கழிச்சுச் சேரணுமாம். ஒரு வருஷம்தான். நீங்க மாசம் ஒருதரம் வந்து பாருங்க. சமையலுக்கு ஆள் வெச்சுக்கலாம்."

அந்த முகத்தை அவர் அப்படிப் பார்த்து வெகு காலமாகிறது. ஆனால் அவர் காதில் கேட்டதெல்லாம் கடல், முங்கிப் போவது என்கிற இரண்டே வார்த்தைகள். ஓகோ, இதுதானா அது என்று நினைத்தார். ஆஸ்பத்திரியில் எப்படித் தெரியும்? கணக்குப்பிள்ளை கண்டுபிடித்துவிட்டான். இவள் போவாள், திரும்பி வரமாட்டாள்.

போகாதே என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள். திட்டத்தைக் காட்டியிருக்கலாம். விஞ்ஞானம் படித்தவள், சிரித்துவிட்டுப் பெட்டியைக் கட்டுவாள். அவர் மூன்றாவதாக ஒன்று செய்தார். இரண்டு நாள் கழித்து, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மார்பைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க? என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல. இங்க ஒரு மாதிரி அழுத்துது. கொஞ்ச நாளாவே இருக்கு. நீ ஊருக்குப் போற நேரத்துல சொல்ல வேணாம்னு பார்த்தேன்."

அவள் அவர் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். டாக்டர் பார்த்துவிட்டுப் பயப்பட ஒன்றுமில்லை, எதற்கும் தனியாக இருக்க வேண்டாம் என்றார். டாக்டர்கள் எல்லோருக்கும் சொல்வதுதான் அது. அன்று மத்தியானமே தர்ஷினி மண்டபத்துக்குப் பேசி, வீட்டில் உடம்பு சரியில்லை, மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பால்கனியில் நின்றாள். பிறகு வந்து, ராத்திரிக்கு என்ன செய்யட்டும் என்று கேட்டாள்.

யுகேந்திரனுக்கு அன்றைக்கு நிஜமாகவே நெஞ்சு வலித்தது. ஆனால் உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டார். இனி கணக்கு மாறியிருக்க வேண்டும் அல்லவா? அந்த நம்பிக்கையில், எங்கள் வீட்டில் இரண்டு பேர், மறுபடி கணக்குப் பாருங்கள் என்று வாரியத்துக்கு விண்ணப்பம் போட்டார்.

மார்கழியில் ஒரு காலை வாரியத்திலிருந்து ஆஃப்ரின் என்ற பெண் நேரில் வந்தாள். முப்பது வயது இருக்கும். பால்கனியில் சாக்பீஸ் கோடுகளைப் பார்த்து, "இவ்வளவு அளந்து யாரும் பண்ணதில்ல சார்," என்று பாராட்டினாள். தர்ஷினி காபி கொண்டுவந்து வைத்தாள்.

"மறு கணக்கும் அதேதான் சார் வருது. ஒருத்தர். உங்க விண்ணப்பத்துல ரெண்டு பேருன்னு இருக்கு. அதான் நேர்ல பார்த்துட்டுப் போகலாம்னு."

"மறு கணக்கா?" என்றாள் தர்ஷினி. "திட்டம் எப்ப வந்துச்சு?"

யுகேந்திரன் அவளைப் பார்க்காமல், "மாறவே இல்லையாம்மா?" என்று ஆஃப்ரினிடம் கேட்டார்.

"எப்படி சார் மாறும்? அது போன ஒரு வருஷத்துக் கணக்குதானே. வர்றது ஒண்ணும் அதுக்குத் தெரியாது."

"தெரியாதா? ஏழாவது மாடியில முன்கூட்டியே சொல்லுச்சேம்மா. சி பிளாக்ல அந்தப் பெரியவர்..."

"முழுகாம இருக்கறவங்க மொதல்ல கொஞ்சம் கூடச் சாப்பிடுவாங்க. முடியாத பெரியவங்க குறைச்சுக்குவாங்க. வீட்டுல இருக்கறவங்க கவனிக்கறதில்ல, சாப்பாட்டு எடைக்குத் தெரிஞ்சுடுது, கணக்குல ஒரு வாய் கூடும், இல்ல குறையும். அவ்வளவுதான் சார்."

"அப்ப இவ சாகப் போறதில்லையா?"

வாயிலிருந்து விழுந்துவிட்டது. ஆஃப்ரின் கையில் காபியோடு விழித்தாள். தர்ஷினி மெதுவாக ஒரு நாற்காலியை இழுத்து அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தச் சோதனைகள், பின்னாலேயே வந்த காலடிச் சத்தம், குளியலறைக் கதவுத் தட்டல் எல்லாம் அவளுக்குள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதை யுகேந்திரன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏங்க," என்றாள். "அந்த நெஞ்சு வலி?"

அவர் காபி டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"சொல்லுங்க."

"வலிக்கலை."

தர்ஷினி கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் ஆஃப்ரின் பக்கம் திரும்பி, "ஒருத்தர்னு ஏம்மா வருது? நாங்க ரெண்டு பேரும் இங்கதான் இருக்கோம்," என்று வகுப்பில் கேட்கிற மாதிரி நிதானமாகக் கேட்டாள்.

"இந்த மேசைப் பலகைக்கு அடியில ஒரு தகடு இருக்கு மேடம். எந்தத் தட்டுல எவ்வளவு போட்டாங்க, எவ்வளவு சாப்பிட்டாங்கன்னு எடை பார்க்கும். உங்க மேசையில வருஷம் முழுக்க ஒரே தட்டுதான் உக்காந்திருக்கு. தீபாவளி அன்னிக்கு நாலு தட்டு. அது விருந்தாளிங்கன்னு எடுத்துக்கிச்சு."

"என் தம்பி குடும்பம். அவங்க மூணு பேரு, இவரு ஒருத்தரு."

"மேடம் வெளியில சாப்பிடுவீங்களா?"

"என்னம்மா பேசற நீ," என்று யுகேந்திரனுக்குக் கோபம் வந்தது. "மூணு வேளையும் அவ இங்கதான் சாப்பிடறா."

"எங்க சார்?"

அவர் மேசையைப் பார்த்தார். நாலு நாற்காலி. அவர் உட்காருவது ஜன்னல் பக்கத்து நாற்காலி. எதிர் நாற்காலியில் தர்ஷினி தட்டோடு உட்கார்ந்திருக்கிற காட்சியை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். கரண்டியோடு நிற்கிறாள். சாம்பார் ஊற்றுகிறாள். இன்னொரு அப்பளம் வைக்கிறாள். எவ்வளவு துழாவினாலும் அவள் உட்காருகிற காட்சி மட்டும் வரவில்லை. இத்தனை நாள் மூச்சு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துக் கிடந்த மனிதர், அவள் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்ததில்லை.

"அடுப்படியில," என்று தர்ஷினியே சொன்னாள். "நின்னுக்கிட்டே. சட்டியில மிஞ்சறதைப் போட்டுப் பிசைஞ்சுடுவேன். தனியாத் தட்டு எதுக்குன்னு."

வீட்டில் அண்டாவில் சமைக்கிற அளவுக்கு ஆட்களா இருந்தார்கள்? இரண்டே பேர். நிலவில் ஆள் குடியேறி, கடலுக்கடியில் நாற்று நடுகிற காலம். கல்லூரியில் துறைத்தலைவராக இருந்த பெண்மணி. சட்டியின் அடி மட்டும் அவளுக்கு. இதை எங்கே போய்ச் சொல்வது.

"நான் உன்னை ஒரு நாளும் அப்படிச் சாப்பிடச் சொன்னதில்லையே," என்றார் யுகேந்திரன். சொன்ன பிறகு அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"நீங்க சொல்லலை. கல்யாணமான புதுசுல உங்கம்மா சொன்னாங்க, ஆம்பளைங்க சாப்பிட்டு முடிக்கட்டும்னு. சரின்னேன். அவங்க போயி எத்தனையோ வருஷமாச்சு. இனிமே நீயும் உக்காருன்னு யாரும் சொல்லலை. எனக்கும் தோணலை. அதுதாங்க எனக்கு இப்ப ஆத்திரமா இருக்கு, எனக்கே தோணலையே."

ஆஃப்ரின் பேச்சை மாற்றப் பார்த்தாள். பாவம், அவளுக்கும் சங்கடம்தானே. "பரவாயில்ல மேடம், நேர்ல பார்த்தாச்சு, ரெண்டு பேருன்னு நானே மாத்திடறேன். ரெண்டு குழாய் வரும். சாருக்குப் பாலக்னு இருக்கு. உங்களுக்கு எந்தக் கீரை பிடிக்கும், அதைப் போட்டுடலாம்."

"அவளுக்கும் பாலக்தான்," என்றார் யுகேந்திரன் அவசரமாக.

"அது உங்களுக்குப் பிடிச்சது," என்றாள் தர்ஷினி.

பிறகு யோசித்தாள். ஆஃப்ரின் காத்திருந்தாள். அரைக்கீரையா, முளைக்கீரையா, வெந்தயக்கீரையா என்று அவளே எடுத்துக் கொடுத்துப் பார்த்தாள். தர்ஷினி ஒவ்வொன்றுக்கும் வாயைத் திறந்து திறந்து மூடினாள். எந்தச் செடி எந்த இனம், எத்தனை நாளில் பூக்கும் என்று மாணவர்களுக்கு மூச்சு விடாமல் சொன்னவள். கடைசியில் ஒரு மாதிரி சிரித்தாள். யுகேந்திரனால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

"தெரியலைம்மா," என்றாள். "மிஞ்சினது எதுவோ அதைத்தான் சாப்பிட்டிருக்கேன்."

நாற்காலியை விட்டுவிட்டுப் போய்ப் பால்கனியில் நின்று மண்டபத்துக்குப் போன் பேசினாள். உள்ளே இருந்த இரண்டு பேருக்கும் அவள் குரல் கேட்டது. தலைமைப் பொறுப்புக்கு வேறு ஒருத்தியைத் தேர்ந்தெடுத்துப் பத்து நாளாகிவிட்டதாம். தர்ஷினியிடம் படித்த பெண்தான். "சரி, சந்தோஷம். நல்லாப் பண்ணுவா," என்றாள் தர்ஷினி. பிறகு, "நாத்து நடறதுக்கு ஆள் வேணுமா?" என்று கேட்டாள்.

திரும்பி வந்து ஆஃப்ரின் எதிரில் உட்கார்ந்தாள். அந்த வீட்டு மேசையில் அவள் உட்கார்ந்து அன்றைக்குத்தான் யுகேந்திரன் பார்த்தார்.

"எதையும் மாத்த வேணாம்மா. ஒருத்தருக்கே இருக்கட்டும்."

"தர்ஷினி, தப்புதான். நான் பண்ணது பெரிய தப்பு. பயந்துட்டேன். நீ இல்லாம..."

"தெரியுதுங்க. என் மேல உசிரையே வெச்சிருக்கீங்க. அதுல சந்தேகம் இல்ல." நாற்காலியை மேசைக்கு இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டாள். "எனக்கு எது பிடிக்கும்னு தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்றேன். அப்ப ரெண்டாவது குழாய் வாங்கலாம்."

பொங்கல் கழிந்து இரண்டாம் நாள் கிளம்பிப் போனாள். தலைமை ஏற்க வேண்டிய இடத்துக்கு, தன் மாணவிக்குக் கீழே, நாற்று நடுகிறவர்களில் ஒருத்தியாக. எழும்பூரில் ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது யுகேந்திரனுக்கு அதுதான் நெஞ்சை அறுத்தது. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அவர் தோட்டத்தைப் போட்டார். வேறு என்ன செய்வார்? ஒரு குழாய், எட்டு ஓட்டை. வேர் இறங்க ஒரு வாரமானது. இரண்டு செடி அழுகிப் போயிற்று, மீதி பிழைத்தது. மாசிக் கடைசியில் இலை கைப்பிடி அளவுக்கு வந்தபோது, பறித்துக் கழுவி, பருப்போடு வேகவைத்தார். உப்பு எவ்வளவு போடுவது, கீரை வெந்த பிறகா, முன்னாலா என்று தெரியவில்லை. அவளைக் கூப்பிட்டார்.

போனை எடுத்ததும் ஒரே இரைச்சல். தட்டுச் சத்தம், யாரோ பலமாகச் சிரிக்கிற சத்தம், அதற்கும் பின்னால் காற்று. வாயில் எதையோ வைத்துக்கொண்டு தர்ஷினி பேசினாள்.

"சாப்பிட்டுக்கிட்டிருக்கேங்க. அப்புறம் பேசறேன்."

வைத்துவிட்டாள். அலுவலகத்திலிருந்தும் ஊர் ஊராகப் போன இடத்திலிருந்தும் எத்தனையோ ஆயிரம் முறை அவர் அவளைக் கூப்பிட்டிருக்கிறார். ஒரு முறைகூட அவள் இப்படிச் சொன்னதில்லை. யுகேந்திரன் அடுப்பை அணைத்தார். பசித்தது. தட்டில் எதுவும் போட்டுக்கொள்ளாமல், அவள் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.